தண்ணி விழுதா?

ஆனி பிறந்து மேற்கே இருந்து வருகிற காற்றில் ஈரம் தட்டிவிட்டால் போதும், அண்ணன் வீட்டுப் போன் ஓயாது. சங்கரன்கோவில், ராஜபாளையம், தூத்துக்குடி என்று எங்கிருந்தெல்லாமோ கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" சௌக்கியமா, சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் வீடு கட்டினான். மாடியில் நான்கு அறைகள் போட்டு, சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டான். விடிந்ததும் பைக்கில் ஐந்தருவிக்குப் போவான். எத்தனை கிளையில் தண்ணீர் விழுகிறது என்று பார்ப்பான், தலையைக் கொடுத்து நிற்பான், ஈரத்துண்டோடு திரும்பி வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். அவன் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று மதினியைக் கூப்பிட்டால் சாலையில் போகிற ஆட்டோ நம்மைத்தான் என்று நின்றுவிடும். "அஞ்சும் விழுதுலே! பிள்ளையளைக் கூட்டிட்டுக் கெளம்பு!" என்று அவன் போனில் கத்தினால், அந்தப் பக்கம் இருப்பவருக்குப் போனே தேவையில்லை என்று நான் கேலி செய்வேன்.

தண்ணீர் விழாத நாளிலும் அவன் இல்லை என்று சொல்லமாட்டான். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. உப்பு தீர்ந்துபோனால் அம்மா "உப்பு நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வா" என்றுதான் சொல்வாள். இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் சொன்னால் அதுவே வந்து குடியேறிவிடும் என்பது அவள் கணக்கு. அண்ணன் அதை அருவி வரைக்கும் கொண்டுபோய்விட்டான். பாறை காய்ந்து கிடக்கும். இவன் போனில், "தண்ணி மலையில இருக்கு. இறங்கலை. ரெண்டு நாள் கழிச்சுக் கேளுங்க" என்பான். புளுகுமூட்டை என்று நான் திட்டுவேன். "மலையில தண்ணி இல்லாமலா போவும்? நான் சொன்னதுல என்னட்டி பொய்யி?" என்பான்.

அந்தக் குரலைத்தான் எடுத்துவிட்டார்கள். தொண்டையில் கட்டி. திருநெல்வேலியில் ஆபரேஷன். குரல்வளை முழுவதும் போய், கழுத்தின் முன்பக்கம் ஒரு துளை வந்தது. இனி மூச்சு அந்த வழியாகத்தான். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாக எல்லாம் விளக்கினார். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது, போனால் நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார். அண்ணன் செல்போனை எடுத்து ஒரே ஒரு சொல்லைத் தட்டி அவரிடம் காட்டினான். "அருவி?" டாக்டர் கூடாது என்று தலையை ஆட்டினார். பேச்சு போகும் என்றபோது அசையாமல் இருந்தவன் அப்போதுதான் அழுதான். சத்தமில்லாமல் அழுதான். அவனுக்கு வேறு வழியும் இல்லை.

தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதிக் காட்டி அலமாரியில் போட்டுவிட்டான்.

அடுத்த சீசன் வந்தது. நான் தென்காசியில் என் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். கம்ப்யூட்டர்தான் சோறு போடுகிறது. ஒரு நாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். போன் அடித்தது. மதினி அடுக்களையில் இருந்தாள். அண்ணன் பழக்கதோஷத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டான். "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" அந்தப் பக்கத்துக் கேள்வி எனக்கே கேட்டது. அண்ணன் வாய் திறந்தது. உதடு அசைந்தது. துளையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. "அலோ... அண்ணாச்சி... அலோ... டவர் இல்லபோல" என்று வைத்துவிட்டார்கள். அண்ணன் போனைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான். என் ஜென்மத்தில் அந்த நிமிஷம் போல் ஒன்றை நான் பட்டதில்லை.

மதினி போனை எடுக்க ஆரம்பித்தாள். அவள் கூச்சக்காரி. "தண்ணியா... தெரியலையே... அவுஹகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்" என்பாள். அதற்குள் அண்ணன் மேசையைத் தட்டி, விரலை விரித்துக் காட்டி, அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரே களேபரம். வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்துக் கொடுத்தேன். முதல் நாளே ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அடுத்தவர் சர்க்கரை வியாதிக்குக் கைவைத்தியம் அனுப்பினார். அண்ணன் போனையே தூக்கி எறியப் பார்த்தான். எனக்கும் அவனுக்கும் கோபம் ஒரே அச்சு, மூக்கு நுனியில் நிற்கும்.

அப்போதுதான், இவனுக்கென்று ஒரு வலைத்தளம், அதை இவன் வீட்டிலிருந்தே நடத்த ஒரு சின்ன சர்வர் என்று முடிவு செய்தேன். என் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது. அதில் பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாது. சர்வருக்குப் பொத்தான் எதற்கு? அண்ணன் வீட்டு முன்னறையில் மோடத்துக்குப் பக்கத்தில் அதைக் குடிவைத்தேன். வெளியிலிருந்து வருகிற கேள்வி மோடம் வழியாக நேரே இதனிடம் வரும்படி செய்தேன். யாராவது போனில் எங்கள் முகவரியைத் தட்டினால் இந்த லேப்டாப்தான் எழுந்து பதில் சொல்லும்.

முதலில் சோம்பேறித்தனமாக ஒரே புரோகிராமை எழுதி எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டினேன். வழி எது என்று கேட்டாலும், அறையின் படத்தைக் கேட்டாலும், இன்றைக்குத் தண்ணீர் எப்படி என்று கேட்டாலும் அதுவே ஓடிப் போய்ப் பதில் தேடும். ஒரு சனிக்கிழமை சாரல் நன்றாக அடித்தது. ஊர்ப்பட்ட பேர் ஒரே நேரத்தில் திறந்தார்கள். புரோகிராம் மூச்சுத் திணறி விழுந்துவிட்டது. நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் என்ன கோளாறு என்று சைகையில் கேட்டான். சொன்னேன். மாறாத சங்கதிகள் உண்டு. வழி, படம், வாடகை, குடித்துவிட்டு வராதீர்கள் என்ற எச்சரிக்கை. அதெல்லாம் எழுதிவைத்ததை எடுத்துக் கொடுத்தால் போதும். தண்ணீர் விழுகிறதா என்பது மட்டும் கேட்கிற நேரத்தில் பார்த்துச் சொல்ல வேண்டியது. நான் இரண்டையும் ஒரே ஆளிடம் விட்டுவிட்டேன் என்றேன்.

அண்ணன் செல்போனில் தட்டிக் காட்டினான். "வாசல்ல ஒரு சென்ட்ரியப் போடு. எல்லாத்துக்கும் ஆபீசரை எழுப்பாதே."

அதைத்தான் செய்தேன். முன்னால் ஒரு காவல்காரன். படமும் வழியும் கேட்டால் அவனே ஃபோல்டரிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவான். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும் உள்ளே இருக்கிற புரோகிராமிடம் போவான். அந்தப் புரோகிராம், அண்ணன் இன்று என்ன எழுதியிருக்கிறான் என்று பார்த்து அந்த வரியைப் போட்டுப் பக்கத்தைக் கட்டிக் கொடுக்கும். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் தளம் விழவில்லை. ஒரே ஒரு முறை விழுந்ததும் மதினி மிக்சி போடுவதற்காக ப்ளக்கைப் பிடுங்கியதால்தான். அண்ணன் தன் கழுத்துக் கட்டுக்கு வைத்திருந்த ஆஸ்பத்திரி பிளாஸ்திரியைக் கிழித்து ப்ளக்கின் குறுக்கே ஒட்டினான். அதன்மேல் பேனாவால் "தொடாதே" என்று எழுதினான்.

ஒரு தகராறு வந்தது. அண்ணன் அன்றைக்கு எதுவும் எழுதாவிட்டால் பக்கத்தில் என்ன வர வேண்டும்? ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். நான் "இன்று தகவல் இல்லை" என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது. என் கையிலிருந்த, நான் வேலை பார்க்கிற லேப்டாப்பை வாங்கி அந்த வரியை அழித்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவனே தட்டினான்.

"பார்க்கப் போயிருக்கேன். வந்து சொல்லுதேன்."

"நீ தூங்கிட்டிருந்தாலும் இதுதான் வரும், பரவாயில்லையா?" என்று கேட்டேன். பெருமையாகத் தலையாட்டினான். அம்மா இருந்திருந்தால் அவனைத்தான் மெச்சியிருப்பாள்.

அந்தச் சீசனும் அதற்கடுத்த சீசனும் அவன் நன்றாகத்தான் இருந்தான். விடிந்ததும் பைக்கில் போவான், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு தூவானம் படாத தூரத்தில் நிற்பான், அங்கேயே நின்று ஒரு வரி எழுதுவான். "அஞ்சும் விழுது. சோப்பு போடாதீங்க." "மூணு விழுது. நாலாவது யோசிக்குது." "வெள்ளம். போலீஸ் கயிறு கட்டியாச்சு. ஆசைப்படாம ரூம்ல தூங்குங்க." "மலையில இருக்கு. இறங்கலை." குற்றாலத்துக்கு வர உத்தேசமே இல்லாதவர்கள்கூட அதைப் படிக்க ஆரம்பித்தார்கள். எல்லாரையும் வா வா என்று அழைத்தவனுக்குத் தன் தலையில் ஒரு சொட்டு ஏந்திக்கொள்ள வழியில்லை. ஒரு தடவை நான் கூடப் போயிருந்தேன். கையை மட்டும் நீட்டி, தெறிக்கிற தண்ணீரைப் பிடித்து நெற்றியில் தடவிக்கொண்டான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான்.

கட்டி திரும்ப வந்தது. இந்த முறை ஆபரேஷனுக்கு இடமில்லை என்றார்கள். பைக் ஓட்டத் தெம்பில்லை. நான் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். பின்னால் ஆள் இருக்கிற பாரமே தெரியாது. அவ்வப்போது கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். நான் போய்ப் பார்த்து எழுதுகிறேனே என்றேன். முடியாது என்று தலையாட்டினான். அது அவன் வேலை. குரலைக் கொடுத்தான், சோற்றைக் கொடுத்தான், குளியலைக் கொடுத்தான். இதை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நின்றான். கடைசி மாதம் கட்டிலோடு கிடந்தபோது எழுத முடியவில்லை. கோடையில் யாரும் கேட்பதுமில்லை என்று நான் சமாதானம் சொன்னேன்.

வைகாசிக் கடைசியில், சாரல் இறங்குவதற்கு முன்பே, அண்ணன் போய்ச் சேர்ந்தான்.

காரியமெல்லாம் முடிந்தது. மாடி அறைகளைப் பூட்டினோம். போனை மதினி எடுப்பதில்லை, அது அடித்து அடித்து ஒரு நாள் சார்ஜ் இறங்கி அணைந்துபோனது. நான் மதினிக்குத் துணையாக அங்கேயே இருந்தேன். முன்னறையில் லேப்டாப்பின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய ப்ளக்கை யாரும் தொடவில்லை. நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், எழுதியவள் நான்தானே. ஆனால் நான் திறக்காவிட்டால் ஊரில் யாரும் திறக்கமாட்டார்கள் என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

ஆனியில் காற்று திரும்பியது. ஒரு நாள் மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. வருஷம் தவறாமல் வருகிற திருவேங்கடம் ஊர்க்காரர். கரிசல்காட்டில் மக்காச்சோளம் போடுகிறவர். வருஷம் முழுக்க வானத்தைப் பார்த்துவிட்டு, ஆனியில் ஒரு முறை இங்கே வந்து தலை நனைத்துவிட்டுப் போவார். மனைவியும் கூட வந்திருந்தார். காரை விட்டு இறங்கும்போதே மனுஷர் பேசிக்கொண்டு வந்தார்.

"மிலிட்டரி அண்ணாச்சி எங்கன? நாலஞ்சு நாளா போன்ல பாக்கேன், எப்பப் பாத்தாலும் 'பார்க்கப் போயிருக்கேன், வந்து சொல்லுதேன்'னே கெடக்கு. இந்த மனுசன் அருவியிலயே குடியேறிட்டாரா, நேர்ல போயிப் புடிச்சிருவோம்னு கெளம்பி வந்துட்டோம். இந்தாங்க, அவருக்குன்னு கருப்பட்டிச் சேவு. ஊறவச்சுக் குடுத்தா தொண்டையில எறங்கும்லா?"

என் வாய் திறந்தது. அண்ணன் இல்லை என்று சொல்ல வேண்டும், இரண்டே சொல். அந்த வீட்டில் உப்புக்கே சொல்லாத சொல். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியாது. அதற்குள் பேச்சுக்குரல் கேட்டு மதினி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் வெறும் நெற்றியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. அவர் மனைவி ஓடிப்போய் மதினியைக் கட்டிக்கொண்டு, "சொல்லாமப் போயிட்டாரே தாயி, சொல்லுதேன் சொல்லுதேன்னுட்டு" என்று ஓலமிட்டார். அண்ணன் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் போனில் கத்தியதை எல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் சாயும்போது எழுந்தார்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லை. துக்கம் கேட்டவர்கள் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆசையோடு குளிக்க வந்தவர்கள், அதற்காகக் குளிக்க வேண்டியதாகிவிட்டது. அவர் வாசல்படியில் தயங்கி நின்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணி விழுதா?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஐந்து நிமிஷத்தில் அருவி. அண்ணன் போன பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பழக்கத்தில் கை பின்னால் போய்த் தொட்டுப் பார்த்தது. கடைகளெல்லாம் திறந்திருந்தன. மங்குஸ்தான் கூடைகள், எண்ணெய்க் குப்பிகள், ஈரத்துணியோடு சிரித்துக்கொண்டு போகிற கூட்டம். அத்தனை பேர் மேலும் எரிச்சலாக வந்தது. அண்ணன் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றேன். ஐந்து கிளையும் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் விழுந்திருக்கிறது, சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்து, "அஞ்சும் விழுது" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். இருவரும் காரில் ஏறிப் போனார்கள்.

வீடு தெரியாமல், சேதி தெரியாமல், இன்னும் எத்தனை பேர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்ற நினைப்பு வந்தது. முன்னறைக்குப் போய் என் போனில் பக்கத்தைத் திறந்தேன். படம் வந்தது. வழி வந்தது. குடித்துவிட்டு வராதீர்கள் என்பது வந்தது. காவல்காரன் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தான். உள்ளே ஆபீசர்தான் எழுந்திருக்கவில்லை. நடுவில், அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிய வரி. பார்க்கப் போயிருக்கேன். வந்து சொல்லுதேன்.

மதினி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள். "அதை எடுத்திருவியா?" என்று கேட்டாள்.

"எடுக்க மாட்டேன் மதினி. நாம இன்னைக்கு உள்ளதை எழுதினா அதுவா மறைஞ்சிரும். எழுதாட்டா திரும்ப வந்திரும்."

"அப்ப எழுது. பாவம், எல்லாரும் கேட்டுட்டு இருப்பாக" என்றாள்.

அஞ்சும் விழுது என்று எழுதினேன். சோப்பு போடாதீங்க என்பதையும் சேர்த்தேன். பக்கத்தை மறுபடியும் திறந்தபோது அண்ணனின் வரி போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் என் வரி இருந்தது. யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நான் மதினி மடியில் தலையை வைத்துக்கொண்டு தேம்பினேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஐந்தருவிக்குப் போனேன். நான்கு கிளை விழுந்தது. பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செல்போனில் பக்கத்தைத் திறந்தால், புதிய நாள் பிறந்துவிட்டதால், அண்ணன் திரும்ப வந்திருந்தான். பார்க்கப் போயிருந்தான். எழுத விரலைக் கொண்டுபோனேன். பிறகு போனை மேசைமேல் வைத்தேன். கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று, மதினிக்கும் எனக்கும் காப்பி போட அடுக்களைக்குள் போனேன்.